ஜமீன்தாரின் சரிகை வேட்டி

அம்பலச்சேரி ஜமீன்தார் உக்கிரபாண்டியருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. ஊர்க் குளத்துக்கு வேலி போட்டு, தாமரை வளர்த்து, தான் மட்டும் படகில் போய் வர வேண்டும். "எல்லாம் பொது நன்மைக்குத்தான்" என்று தண்டோராவும் போட்டுவிட்டார்.

துணி வெளுக்கிற காத்தாயிக்கு அந்தக் குளம்தான் சோறு போட்டது. அரண்மனை வாசலில் போய் நின்றாள்.

"சாமி, குளத்தை அடைச்சா ஊருக்கு என்ன நன்மை?"

"எனக்கு நல்லதுன்னா ஊருக்கும் நல்லதுதானே? நான் வேற, ஊர் வேறயா? வேறன்னு வெள்ளிக்கிழமைத் தேர் நிலைக்கு வர்றதுக்குள்ள என் வாயாலயே சொல்ல வை, பார்ப்போம். வேலியே போடல!" என்று சிரித்தார்.

எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிய, சேங்கொட்டை மையால் குறி போடுவது காத்தாயியின் வழக்கம். அந்த வாரம் அவள் குறியையே பார்க்கவில்லை. "நானும் ஊரும் ஒண்ணுன்னு சாமியே சொல்லிட்டார், கட்டிக்கோங்க" என்று அரண்மனைத் துணியை வீடுவீடாகக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜமீன்தார் தேர் பார்க்க வந்தார். அவருடைய சரிகை வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, மாடு மேய்க்கும் சுடலை வடம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அடியே காத்தாயி! என்னுது வேற, ஊரானுது வேறன்னு உனக்குத் தெரியாதா?" என்று தெருவே அதிரக் கத்தினார்.

"எனக்குத் தெரியும் சாமி. உங்க வாயால வரட்டும்னுதான் காத்திருந்தேன்."

வடத்தை விட்டுவிட்டு ஊரே சிரித்தது. மறுநாள் அந்த வேட்டியை அதே குளத்தில் வெளுத்து, குறி பார்த்து, அரண்மனையில் கொடுத்தாள் காத்தாயி.