தேன் போடாத அடை

“நான் எதைச் சாப்பிட மாட்டேன் என்றே கேட்கிறாய், அம்மா. எதைச் சாப்பிடுவேன் என்று ஒரு நாளாவது கேட்டாயா?”

மகள் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல், மகளின் குரலிலேயே இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டினாள் தாய்க்கரடி தேனாச்சி. பலாமரக் கிளையில் வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த மந்தி வடிவு, இலையை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது, வடிவு? நீயே சொல்!”

“அதற்கு நீ என்ன சொன்னாய்?”

“என்னத்தைச் சொல்ல? தேன் வேண்டாம், கறையான் வேண்டாம், முட்டை வேண்டாம் என்றால் மிச்சம் என்னடி இருக்கிறது, காற்றா என்று கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டாள்!”

“நல்லாக் கேட்டாய் போ! ஒரு வருஷம் கழித்து நேற்றுத்தான் வந்திருக்கிறாள். இன்றைக்கே விரட்டிவிட்டாய்!”

தேனாச்சிக்குச் சுருக்கென்றது. அவளா விரட்டுவாள்? குட்டியாக இருந்தபோது மகள் புன்னை அவள் முதுகைவிட்டு இறங்கியதே கிடையாது. இப்போதுகூட மேடு ஏறும்போது தேனாச்சி மெதுவாகத்தான் ஏறுவாள். முதுகில் ஒருத்தி இருக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

அந்தப் புன்னைதான் போன வருஷம் ஆற்றுக்கு அக்கரையில், மான்கள் மேய்கிற அத்தித் தோப்புக்குக் குடிபோய்விட்டாள். காரணம் ஒரு தேன்கூடு. அந்த மலையிலேயே தேன் எடுப்பதில் தேனாச்சியை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு நாள் பெரிய கூடு ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். சாயங்காலம் வரை தேனீக்கள் அந்த வெறுங்கிளையையே சுற்றிச் சுற்றி வந்தன. புன்னை அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவள் தேனைத் தொடவில்லை. கறையான் புற்றையும் தொடவில்லை. கௌதாரி முட்டையையும் தொடவில்லை.

குளித்துவிட்டு வந்த புன்னை, நனைந்த முடியை உதறினாள். தேனாச்சி விடவில்லை.

“ஏண்டி, கறையான் இல்லாவிட்டால் உடம்புக்குச் சத்து எங்கிருந்து வரும்? எலும்பு எப்படி நிற்கும்?”

“யானை கறையான் தின்றா அவ்வளவு பெரிசாச்சு?”

கிளையில் வடிவு சிரித்தாள். தேனாச்சி அவளை முறைத்தாள்.

“அத்தி, நாவல், நெல்லி, கொன்றைக்காய், மூங்கில் குருத்து, வள்ளிக்கிழங்கு, இலுப்பைப் பூ... எவ்வளவு இருக்கிறது, அம்மா! எனக்கு ஒரு குறையும் இல்லை.”

“இருக்கும், இருக்கும். தோலும் எலும்புமாக நிற்பதைப் பார்த்தாலே தெரிகிறதே!”

உண்மையில் புன்னை கொழுகொழுவென்றுதான் இருந்தாள். பெற்றவள் கண்ணுக்கு அது தெரியாது!

பிறகு புன்னை கொஞ்சம் இறங்கி வந்தாள். “அம்மா, உன் பலா அடை சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு! தேன் இல்லாமல் செய்வாயா? பலாக் காலம் முடிகிற வரை இங்கேயே இருக்கிறேன்.”

தேனாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்தும் விடியாததுமாக எழுந்தாள். பழுத்த பலாவைக் கிழித்துச் சுளையை எடுத்தாள். காய்ந்த இலுப்பைப் பூவைச் சேர்த்துப் பிசைந்தாள். சூடான பாறைமேல் தட்டினாள். அடை பிளந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி பிளந்தது.

“தேன் இல்லாமல் அடை எப்படி ஒட்டும்? உலகத்தில் எங்கேயாவது உண்டா?” என்று முணுமுணுத்தாள். அக்கம் பக்கம் பார்த்தாள். பொந்தில் ஒளித்து வைத்திருந்த கூட்டை எடுத்து ஒரே ஒரு சொட்டு விட்டாள்.

“அவளிடம் கேட்டாயா?” என்றாள் மேலேயிருந்து வடிவு.

“ஒரு சொட்டு! என்ன தெரியப் போகிறது? நீ வாயை மூடிக்கொண்டு இலையைத் தின்!”

அடை வட்டமாக, விரிசலில்லாமல் வந்தது. புன்னை ஒரு வாய் கடித்துவிட்டுக் கேட்டாள். “தேன் போடவில்லையே, அம்மா?”

“ம்” என்றாள் தேனாச்சி.

புன்னை மூன்று அடை தின்றாள். நாக்கால் பாறையையும் நக்கினாள். அம்மாவின் முதுகில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். தேனாச்சி அசையவே இல்லை. ஈ உட்கார்ந்தது. அதைக்கூட விரட்டவில்லை.

மறுநாள் நாலைந்து சொட்டு. அதற்கடுத்த நாள் அரைக்கூடு. ஒவ்வொரு நாளும் புன்னை கேட்டாள். ஒவ்வொரு நாளும் தேனாச்சி “ம்” என்றாள். “பலா முடிந்தாலும் நான் போகவில்லை, அம்மா. மழை ஓய்கிற வரை இருக்கிறேனே!” என்று சொல்லிவிட்டாள் மகள். தேனாச்சி குகையில் மகள் படுக்கும் இடத்தில் புது இலையாகப் பரப்பி வைத்தாள்.

நாலாம் நாள் காலை. புன்னை கையில் அடையுடன் மந்தியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“பார்த்தாயா, வடிவு அத்தை! தேன் இல்லாமலே இவ்வளவு ருசி! தேன் தேன் என்று இந்த மலையே பறக்கிறதே, அதெல்லாம் சும்மா. தேனில் ஒன்றுமே இல்லை!”

வடிவு அவசரமாக ஒரு கொத்து இலையை வாயில் அடைத்துக்கொண்டாள். தேனாச்சி பொறுத்திருக்கலாம். அவளுக்கும் ஒரு கொத்து இலை கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்! மலையிலேயே பேர்போன தேனை ஒன்றுமில்லை என்றால் அவளுக்குப் பொறுக்குமா? நாக்கு முந்திக்கொண்டது.

“ஒன்றுமே இல்லையா? அப்படியானால் மூன்று நாளாக மொக்கு மொக்கென்று மொக்கினாயே, அது என்னவாம்? என் தேன்!”

சொன்ன கணமே அதை விழுங்கிவிடத் துடித்தாள். எப்படி விழுங்குவது?

புன்னை கத்தவில்லை. கையிலிருந்த அடையைப் பாறைமேல் மெதுவாக வைத்தாள்.

“மூன்று நாளும் நான் கேட்டேன். மூன்று நாளும் நீ ‘ம்’ என்றாய்.”

“உன் நன்மைக்குத்தானேடி செய்தேன்! அடை ஒட்டவில்லை, அதனால்...”

“ஒட்டாவிட்டால் உதிரி உதிரியாகத் தின்றிருப்பேனே, அம்மா!”

அவள் ஆற்றில் இறங்கினாள். நடு ஆற்றில் நின்று வாயை அலசினாள். மறுபடியும் அலசினாள். அக்கரை ஏறிப் போய்விட்டாள். குகையில் பரப்பிய புது இலை அப்படியே கிடந்தது.

ஐந்தாறு நாள் தேனாச்சி எதையும் தின்னவில்லை. தேன் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள், சும்மா இருக்கப் பிடிக்காமல், பலாச்சுளையைப் பிசைந்தாள். பக்கத்தில் பழுத்து விழுந்த அத்திப்பழம் நாலு கிடந்தது. அதையும் போட்டு மசித்தாள். தட்டினாள். அடை பிளக்கவில்லை! வட்டமாக, விரிசலில்லாமல் வந்தது. இத்தனைக்கும் அத்தி என்ற பேரை மகள்தான் முதலில் சொல்லியிருந்தாள். அன்றைக்குத் தாயின் காதில் அது விழவே இல்லை.

“வடிவு! இறங்கி வா! இதில் ஒரு சொட்டுத் தேன்கூட இல்லை. நீயே மேலேயிருந்து பார்த்தாய். அவளிடம் கொண்டு போய்க் கொடு!”

மந்தி அடையைத் தேக்கிலையில் சுற்றிக்கொண்டு, கொடி பிடித்து அக்கரைக்குத் தாவினாள். சாயங்காலம் தலையைக் குனிந்தபடி திரும்பி வந்தாள்.

“என்ன சொன்னாள்?”

“இலையைப் பிரித்தாள். முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஆசைதான், தேனாச்சி. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.”

“தேன் இல்லை என்று நீ சொன்னாயா, இல்லையா?”

“சொன்னேன். ‘அம்மாவும் அப்படித்தான் சொன்னாள்’ என்றாள்.”

தேனாச்சி எழுந்தாள். மேடும் பள்ளமும் தாண்டி, வழக்கம்போல முதுகில் ஒருத்தி இருப்பது போலவே மெதுவாக நடந்து, ஆற்றங்கரைக்கு வந்தாள். அக்கரையில் அத்தித் தோப்பு இருந்தது. கிளைகளுக்கு நடுவே கருப்பாக ஏதோ அசைந்தது. அவளாகத்தான் இருக்க வேண்டும்.

“புன்னை!” என்று கூப்பிட்டாள். “நீ எதைச் சாப்பிடுவாய்? சொல்லடி, அம்மா கேட்கிறேன்!”

ஆறு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையிலிருந்து ஒரு குரலும் வரவில்லை.

வேண்டாம் என்று சொன்னதை ஒளித்து ஊட்டிய கையிலிருந்து, பிறகு ஆசைப்பட்டதைக்கூட யாரும் வாங்கிச் சாப்பிட மாட்டார்கள்.