மூணாவது நிமிஷத்து உருட்டல்

சண்முகவடிவின் வலது கை ஆட்டுக்கல் குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தது. இடது கை, குழியை விட்டு வழிந்த உளுந்தை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. கால் கட்டைவிரலில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் சேலைத் தொட்டில். தொட்டிலுக்குள் எட்டு மாதப் பெண் குழந்தை துவாரகா. வடிவிடம் வேலை இல்லாமல் இருந்தது இரண்டு காதுகள்தான். அவற்றையும் முன்னறையில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் எடுத்துக்கொண்டார்கள்.

காக்காமடை பஞ்சாலையின் லைன் வீடுகளில் ஏழாம் நம்பர் வீடு அது. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, நடுவில் பழைய சேலையில் ஒரு திரை. வடிவு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆள் முகம் பார்த்துப் பேசக் கூசுகிறவள். வீட்டுக்கு யார் வந்தாலும் திரைக்குப் பின்னால் இருந்துதான் பதில் சொல்வாள், அதுவும் திரைக்கே கேட்காத குரலில்.

முன்னறையில் இருந்தது காக்காமடை திரைப்படப் பின்னணி இசை ரசிகர் மன்றம். தலைவர், வடிவின் புருஷன் கொண்டல்சாமி. செயலாளர் நயினார், ஏனென்றால் அவரிடம் பேனா இருந்தது. மன்றம் என்றால் ஓர் உறுப்பினராவது வேண்டுமே என்று அந்தோணியைச் சேர்த்திருந்தார்கள். மூவருக்கும் ஒரே ஷிஃப்ட். எட்டு மணி நேரம் நூற்பு மிஷின்களின் இரைச்சலில் நின்றுவிட்டு வெளியே வந்தால், பஸ் ஹாரனைக்கூட "யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கே" என்பார்கள். ஆனால் சினிமாவில் கதாநாயகி திரும்பிப் பார்க்கும்போது ஒற்றை வயலின் விடுகிற பெருமூச்சு மட்டும் அவர்களுக்குத் துல்லியமாகக் கேட்கும். பாட்டுக் கேட்கிறவர்களைக் கண்டால் மன்றத்துக்கு இளக்காரம்.

வீட்டில் கிரைண்டர் இல்லாமல் இல்லை. பங்குனியில் அது நின்றுபோனது. மெக்கானிக் வந்து பார்த்து, "மோட்டார்ல ஈரம் ஏறியிருக்கு, வெளிய எடுத்து நல்லாக் காய வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கொண்டல்சாமி மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் காய வைத்தான். வெயில் போய் மழை பிடித்தது. "மழை பெய்யுதே, எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள் வடிவு. "காய வைன்னுதானே சொன்னாரு. எடுன்னு சொல்லலையே" என்றான் கொண்டல்சாமி. கார்த்திகை வரைக்கும் மோட்டார் அங்கேயே காய்ந்தது.

அதனால்தான் உள்ளூர்க் கேபிள் டிவியில் அடியில் ஓடிய எழுத்துகளை வடிவு ஒவ்வொன்றாகக் கூட்டி, கடைசிவரை விடாமல் படித்தாள். புதுப்படம் ஒன்றின் பின்னணி இசையைக் கேட்டு, கருத்தைப் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும். முதல் பரிசு, டேபிள் டாப் கிரைண்டர்.

கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் அவள் புருஷனிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். "ஏங்க, உங்க மன்றம் இதுல ஜெயிச்சா நல்லா இருக்கும்."

இன்றைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை.

"விதி ஒண்ணு," என்று நயினார் தாளைப் பார்த்து வாசித்தார். "படத்தைப் பார்க்காமல் இசையை மட்டும் கேட்க வேண்டும்."

அந்தோணி தலையைச் சொறிந்தான்.

"நான் படத்தை போன வாரமே பாத்துட்டேனே," என்றான் அந்தோணி, கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் போல.

"வெளங்கும்! ஏம்வே பாத்தீரு?" என்றார் நயினார்.

"டிக்கெட் கெடைச்சுது, பாத்தேன்."

"மறந்துரும்," என்றான் கொண்டல்சாமி.

"எவ்வளவு மறக்கணும்?"

"முழுசா. இடைவேளையில முறுக்குத் தின்னது வரைக்கும்."

அந்தோணி செருப்பை மாட்டிக்கொண்டு மறப்பதற்காக வெளியே போனான். தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து, "மறந்துட்டேன்" என்றான். என்ன மறந்தான் என்று நயினார் கேட்டார். கதாநாயகனை ஆற்றங்கரையில் வெட்டிப் போடுவதை மறந்துவிட்டதாக அந்தோணி சொன்னான். நயினார் திருப்தியாகத் தலையாட்டினார்.

"விதி ரெண்டு, மூன்று முறை கேட்க வேண்டும்."

"நாம மூணு பேரு இருக்கோம். ஒரு தடவை போட்டா மூணு தடவை கேட்ட மாதிரிதானே?"

"அருமை. விதி மூணு, புல்லரித்த நேரத்தைக் குறிக்க வேண்டும்."

இதற்குக் கையில் முடி நிறைய உள்ள ஆள் வேண்டும் என்று முடிவாயிற்று. நயினாரின் இடது கை தேர்வானது. அந்தோணி அதை மடியில் வைத்து, செல்போன் டார்ச்சை அடித்து, பேன் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டான். கொண்டல்சாமி போனில் இறக்கிவைத்திருந்த இசையை ஸ்பீக்கரில் தட்டிவிட்டான்.

முதல் இரண்டு நிமிஷம் பறையும் உடுக்கையும் வீட்டைப் பெயர்த்தன. மூன்றாவது நிமிஷத்தில் எல்லாம் அடங்கி, ஒரு புல்லாங்குழல் மட்டும் இழைந்தது. அந்த அமைதியில், திரைக்குப் பின்னால் இருந்து குழவி உருளுவது தெளிவாகக் கேட்டது.

"ஏய்!" என்றான் கொண்டல்சாமி. "அடியில கேட்டியளா? ஒரு உருட்டல்!"

"கேக்குது வே! கடக்… கடக்னு!"

"வண்டிச் சக்கரம்."

"இல்ல. ஆத்துல கூழாங்கல் உருளுது."

"அது அவன் நெஞ்சு அடிக்கது வே. வெட்டுப்பட்டுக் கெடக்கான்லா?" என்றான் அந்தோணி.

"அதை நீரு மறந்துட்டீரே!"

"ஆமா, மறந்துட்டேன். அப்ப கூழாங்கல்தான்."

உளுந்து இறுகியிருந்தது. வடிவு ஒரு கை தண்ணீர் தெளித்தாள். சளப்பென்று கேட்டது.

"ஆத்துல குதிச்சுட்டான்!" என்று நயினார் கத்தினார். அவர் கையில் நாலு முடி எழுந்து நின்றது. அந்தோணி நேரத்தைக் குறித்துக்கொண்டான்.

என்ன கத்துகிறார்கள் என்று வடிவு குழவியை நிறுத்திக் காது கொடுத்தாள்.

"நிறுத்திட்டான் பாரு! அந்த இடத்துல நிறுத்துறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! மத்தவனா இருந்தா ஓட்டிக்கிட்டே இருந்திருப்பான்."

கை நின்றதும் கால் கட்டைவிரலும் நின்றது. தொட்டில் நின்றது. துவாரகா வீலென்று அழுதாள்.

தலைவரின் கண்ணில் நீர் கோத்தது. "அவனுக்கு ஒரு பிள்ளை இருக்கு வே. சொல்லாமச் சொல்லுதாரு பாருங்க."

"படத்துல பிள்ளையே கெடையாதே," என்றான் அந்தோணி.

"நீரு மறந்துட்டேன்னு சொன்னது நெசமா, பொய்யா?"

"நெசம்தான்."

"அப்பப் பிள்ளை இருக்கு."

திரைக்குப் பின்னால் வடிவுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. இப்படிப் பேசி அனுப்பினால் கிரைண்டர் வராது, சிரிப்புத்தான் வரும். திரையைப் பார்த்து, "அண்ணே… அது நான்தான்" என்றாள்.

முன்னறையில் கொண்டல்சாமியின் குரல் தழுதழுத்தது. "கேட்டியளா? அஞ்சாங்கிளாஸ் படிச்சவ. அவளையே 'அது நான்தான்'னு சொல்ல வச்சுருச்சு. இசையோட கரைஞ்சு போயிட்டா வே."

"எழுதிக்கிடுதேன்," என்றார் நயினார். "'கேட்பவர் தன்னையே அந்த இசையாக உணர்கிறார்.' மதினி, நல்லாச் சொன்னிய."

வடிவு அதற்குமேல் பேசவில்லை. மீதி உளுந்தை ஆட்டி, அரிசியையும் ஆட்டி, வழித்து, உப்புப் போட்டுக் கரைத்து வைத்தாள். ஆட்டுக்கல்லைக் கழுவி ஊற்றினாள்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு மன்றம் பதிவுக்கு உட்கார்ந்தது. ஒரு போனில் இசை ஓடும், இன்னொரு போனில் தலைவர் பேசிப் பதிவு செய்வார் என்று ஏற்பாடு. மூன்றாவது நிமிஷம் வந்தது. புல்லாங்குழல் இழைந்தது. உருட்டல் வரவில்லை.

"எங்க?"

"முந்தி இருந்துச்சே!"

"யாரோ எடுத்துட்டாங்க வே!"

மறுபடி போட்டார்கள். ஆற்றில் குதிக்கவும் இல்லை, பிள்ளை அழவும் இல்லை. நயினாரின் கையில் ஒரு முடி அசையவில்லை. போனில் சார்ஜ் குறைந்ததால் அடி ஓசை இறங்கிவிட்டது என்றார் நயினார். சார்ஜ் ஏற்றினார்கள். வரவில்லை. உருட்டல் கனமான ஓசை, அதனால் ஸ்பீக்கருக்கு அடியில் மண்டி மாதிரி தங்கியிருக்கும் என்றான் அந்தோணி. ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தார்கள். பிறகு இருமல் மருந்து பாட்டிலைப் போலக் குலுக்கினார்கள். உள்ளே ஏதோ கழன்று கலகலத்தது. "வருது, வருது!" என்று மூவரும் காதை வைத்தார்கள். வந்தது ஒரு திருகாணி.

மணி நாலரை. வடிவு திரையோரம் நின்று டிவி மேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். முள்ளோடு சேர்ந்து கிரைண்டரும் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

நயினார் எழுந்து நின்றார். செயலாளர் எழுந்து நின்றால் யோசனை வந்துவிட்டது என்று அர்த்தம். "வே, காலையில எல்லாம் எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். சகுனம் மாறினா சங்கீதம் மாறிரும். நான் எங்க இருந்தேன்?"

"சுவரோரம்."

"அந்தோணி?"

"உம்ம கையைப் பிடிச்சுக்கிட்டு."

"மதினி?"

கொண்டல்சாமி யோசித்தான். "உள்ள மாவாட்டிக்கிட்டு இருந்தா."

"அதான்! மதினி மாவாட்டலை, அதான் உருட்டல் வரலை. அவுகளுக்கு அப்படி ஒரு ராசி!"

மூளை இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு வாசலைத் தாண்டிப் போனதை வடிவு திரைக்குப் பின்னால் இருந்து பார்த்தாள். சொல்லிப் புரியவைக்க அரை மணி போதாது. ஆட்டினால் கால் மணி போதும். வடைக்கு ஊறப்போட்டிருந்த கடலைப்பருப்பை எடுத்துக் குழியில் கொட்டினாள். குழவியைப் பிடித்தாள். கிரைண்டர் வாங்குவதற்காக ஆட்டுக்கல்லை இப்படி ஆவேசமாகச் சுற்றிய பொம்பளை அந்த லைனில் வேறு யாரும் இல்லை. சரியான நேரத்தில் தண்ணீர் தெளித்தாள். சரியான நேரத்தில் நிறுத்தினாள். சரியான நேரத்தில், மனசைக் கல்லாக்கிக்கொண்டு, பிள்ளையின் காலில் லேசாகக் கிள்ளினாள்.

"வணக்கம்," என்று கொண்டல்சாமி போனில் பேசினான். "இந்த இசையில மூணாவது நிமிஷத்துல ஒரு உருட்டல் இருக்கு. அது வாழ்க்கை. அப்புறம் ஒரு சளப்பு இருக்கு. அது முடிவு. அப்புறம் ஒரு பிள்ளை அழுது. அது என்னன்னு எங்களுக்கே தெரியலை, ஆனா எங்க வீட்டுப் பிள்ளை அழுத மாதிரியே இருக்கு. அங்கதான் இசையமைப்பாளர் நிக்காரு."

நாலு ஐம்பத்தெட்டுக்குப் பதிவு போய்ச் சேர்ந்தது.

மறுவாரம் கேபிள் டிவியில் முடிவு சொன்னார்கள். யாருமே கவனிக்காத நுட்பங்களைக் கண்டுபிடித்ததற்காக முதல் பரிசு காக்காமடை மன்றத்துக்கு. போட்டிக்கு வந்த பதிவு மொத்தமே ஒன்றுதான் என்பதை டிவிக்காரர்கள் சொல்லவில்லை. அவர்களே சொல்லாததை நாம் ஏன் சொல்ல வேண்டும்?

கிரைண்டர் வரும் என்று சொன்ன ஞாயிறு காலையிலேயே வடிவு எட்டுப் படி அரிசியும் இரண்டு படி உளுந்தும் ஊறப்போட்டாள். அண்டை வீடுகளுக்கெல்லாம் மாவு தருவதாகச் சொல்லிவைத்தாள். வைக்கிற இடத்தைக் கழுவிக் கோலம்கூடப் போட்டாள்.

மதியம் கிரைண்டர் வந்தது. அடுப்படிக்கு வரவில்லை. முன்னறை ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தது. அந்தோணி மாலை போட்டான். கொண்டல்சாமி சுவிட்சைத் தட்டினான். வெறும் கல் வெறும் டப்பாவில் உருண்டது. கடக்… கடக்…

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வே," என்றார் நயினார் மெதுவாக. "அதே உருட்டல்."

"அப்ப இதான் அந்த வாத்தியமா?"

"பின்ன? சும்மாவா பரிசாக் குடுப்பான்? நாமதான் கண்டுபிடிச்சோம், அதனால இசையமைப்பாளரு வாத்தியத்தையே நம்மகிட்ட அனுப்பிட்டாரு!"

அன்றிலிருந்து கிரைண்டருக்குப் பக்கத்தில் மாவு போகக் கூடாது என்று மன்றம் தீர்மானம் போட்டது. வடிவு திரைக்குப் பின்னால் இருந்து "ஊறப்போட்டுட்டேனே" என்றாள். "வீணைக்குள்ள யாராச்சும் மாவு கரைப்பாங்களா?" என்றான் கொண்டல்சாமி.

பொழுது இறங்க இறங்கப் பத்துப் படியும் பானைக்குள் புளித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் தூக்குவாளியோடு இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்கள். வடிவு ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். மாட்டேன் என்று எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகி, திரையை ஒரு பக்கமாக விலக்கி, வாழ்க்கையில் முதல்தடவையாக மூன்று ஆம்பளைகளுக்கும் முன்னால் வந்து நின்றாள். சண்டை போட்டால் நடக்காது, இவர்கள் பாஷையில்தான் பேச வேண்டும் என்று பாத்திரம் கழுவும்போதே யோசித்து வைத்திருந்தாள்.

"அண்ணே, நானும் அன்னையிலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த உருட்டல் அந்த உருட்டல் இல்லை. அதுல ஒரு கனம் இருந்துச்சு. இதுல அது குறையுது."

நயினார் பேனாவை எடுத்தார். அந்தோணி டார்ச்சை எடுத்தான்.

"என்ன மதினி குறையுது?"

"ஒண்ணுமில்ல அண்ணே," என்றாள் வடிவு. திரைக்கே கேட்காத குரல் இன்றைக்கு வாசல் வரை கேட்டது. "ஊறுன அரிசி ஒரு படியை மட்டும் இந்த வாத்தியத்துக்குள்ள போட்டு, கொஞ்சம் தண்ணியும் தெளிச்சு ஓடவிட்டா, அந்தக் கனம் தன்னால வந்து, உருட்டலு அப்படியே…"

"வடிவு!" என்று டிவிக்கு முன்னால் இருந்து கொண்டல்சாமி கூவினான். "அடுத்த போட்டி அறிவிச்சுட்டான், வாஷிங் மெஷினாம்! இந்தா, இசையைப் போடப்போறேன், ராசி மாறக் கூடாது, அழுக்குத் துணியை எடுத்துக்கிட்டுத் துவைக்கிற கல்லுக்கிட்ட ஓடு!"