ஞானாபரணத்தின் பிடியரிசி

தேரிக்காட்டுச் சர்ச்சுக்குப் பின்னால் ஞானாபரணம் என்றொரு எலி குடியிருந்தது. வளை முழுக்க அரிசி. கால் நீட்டக்கூட இடமில்லாமல் அரிசிமேலேயே சுருண்டு தூங்கும். ஆனாலும் ஒரு மணி அரிசி வெளியே போகாது. அப்படியொரு கெட்டிக் கை!

அந்தக் காட்டுப் பிராணிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கை அரிசியைக் கடவுளுக்கென்று எடுத்து வைக்கும். அதுதான் பிடியரிசி. வருஷக் கடைசியில் அதை ஒரே பானையில் பொங்கி, எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அதற்கு அசனம் என்று பேர்.

பிடியரிசி வாங்க ஞாயிறுதோறும் அணில் ஜெபக்கனி தேங்காய்ச் சிரட்டையோடு வரும். எலி ஒரே பதிலைத்தான் சொல்லும்.

"பிடியரிசி என்றால் பிடித்து வைக்கிற அரிசிதானே? நான் நன்றாகவே பிடித்து வைத்திருக்கிறேன்!"

அணில் முதலில் சிரித்தது. அப்புறம் சிரிக்கவில்லை. அப்புறம் வருவதையே நிறுத்திவிட்டது. தொல்லை விட்டது என்றுதான் எலி நினைத்தது. ஆனால் அடுத்த ஞாயிறும் அந்தப் பதிலை வாயில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தது, பாவம். அந்த வளைக்கு வேறு யார் வருவார்கள்?

அசனத்தன்று சோறு வேகும் வாசம் உள்ளே வந்தது. வெளியே ஒரே சிரிப்புச் சத்தம். தனியாகக் கிடந்தது போதும் என்று எலி ஒரு கை அரிசியை அள்ளிக்கொண்டு புறப்பட்டது. பாதி வழியில், இவ்வளவு எதற்கு என்று தோன்றியது. திரும்பிப் போய்ப் பாதியைக் கொட்டியது. மறுபடி புறப்பட்டது. எல்லாம் முழு அரிசியாக இருக்கிறதே என்று மறுபடி திரும்பி, குருணையாகப் பொறுக்கி எடுத்தது.

போய்ச் சேரும்போது பானையைக் கழுவியாகிவிட்டது. ஜெபக்கனி மட்டும் எச்சில் இலைகளை அள்ளிக்கொண்டிருந்தது. ஓர் இலையில் மட்டும் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. எறும்பு ஏறியிருந்தது. அது யாருடையது என்று எலி கேட்டது.

"உன்னுடையதுதான். வருஷா வருஷம் உனக்கும் ஓர் இலை போடுவோம். நீதான் வரவில்லை."

எலி அழுதுவிட்டது. கையை விரித்துக் குருணையைப் பார்த்தது. அதை அங்கேயே உதறிவிட்டு வளைக்கு ஓடி, முழு அரிசியாக இரண்டு கையும் நிறைய அள்ளி வந்து காலிப் பானையில் போட்டது.

"ஜெபக்கனி, ஞாயிற்றுக்கிழமை சிரட்டையை எடுத்துக்கொண்டு வருவாயா?" என்று மெல்லக் கேட்டது.

கடவுள் தந்ததைப் பிடித்து வைப்பவனுக்கு, அவர் போட்டு வைத்திருக்கும் இலையில் நாலு பேரோடு உட்காரக் கொடுத்து வைப்பதில்லை.