நரைச்ச தலைக்குத்தான் மைக்

விளையாட்டுத் திடலில் கல்யாண மண்டபம் கட்டப்போவதாகக் கிராமசபையில் அறிவித்தார் ஊராட்சித் தலைவர் பேச்சித்துரை. கபடி ஆடும் கல்லூரிப் பெண் இசக்கி எழுந்தாள்.

"உக்காரு தாயி. இந்தச் சபையில தலை நரைச்சவுகதான் பேசணும்."

"எல்லாருக்கும் அதே சட்டமாய்யா?"

"எனக்கும் சேத்துத்தான்," என்று மீசையைத் தடவினார்.

"அப்ப நீங்களும் உக்காருங்கய்யா. உங்க தலையில ஒரு நரைகூடக் காணோமே."

அறுபத்தைந்து வயதுத் தலைவரின் கிராப்பு கன்னங்கரேலென்று மின்னியது. டை அடிப்பதை ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள முடியுமா? உட்கார்ந்துவிட்டார்.

"நரைச்ச நாங்க சொல்றோம், பிள்ளை பேசட்டும்," என்றார்கள் முன்வரிசைப் பெரியவர்கள். இசக்கி பேசினாள், திடல் தப்பியது.

அடுத்த கூட்டத்துக்குத் தலைவர் வெள்ளைத் தலையோடு வந்தார்.

"இப்பப் பேசுங்கய்யா," என்று மைக்கை நீட்டினாள் இசக்கி.