எட்டி உருண்டை தின்ற எலி

பவழத்துறையை ஆண்ட கோளரி மன்னருக்குக் கோபம் சீக்கிரம் வரும். சிரிப்பு அதைவிடச் சீக்கிரம் வரும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற சந்து பொந்தில்தான் அரசவை விகடர் மருதக்கூத்தர் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

அந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. தன் இனத்தை விட்டுப் பிறழ்ந்து பிறந்தது எதுவானாலும் அரண்மனை வாசலில் தீக்கிரையாக வேண்டும். எழுதியவர் தலைமைப் பண்டிதர் ஞானக்கடலார். பேரில்தான் கடல். மனிதர் கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

ஒருநாள் காலை கடற்கரைக் குப்பத்து நீலாயியைக் கையைக் கட்டி இழுத்து வந்தார்கள். கூடவே அவள் வயலில் அறுத்த நெற்கட்டுகள். தீவட்டிக்காரன் தயாராக நின்றான்.

"என்ன குற்றம்?" என்றார் மன்னர்.

"இவள் விளைவிப்பது பிறழ்ந்த நெல், அரசே" என்றார் பண்டிதர். "உப்புத் தண்ணீரில் கொழிக்கிறது. நல்ல நெல்லின் பூவோடு இதன் மகரந்தம் சேர்ந்தால் மணியே பிடிப்பதில்லை. சோதித்தே பார்த்துவிட்டேன்." ஒரு கூடைப் பதரைச் சபை நடுவில் கொட்டினார். "நம் நெல் இனமே இல்லை இது."

நீலாயி வாய் திறந்தாள். "சாமி, கடலு உள்ள பூந்த வருசம் ஊருல அம்புட்டுப் பயிரும் கருகிப்போச்சு. எங்கப்பன் காலத்து நெல்லுதான் நானும் போட்டிருந்தேன். அதுல ஒத்தத் தூரு மட்டும் நிமிந்து நின்னுச்சு. அதோட வெதையத்தான் வருசா வருசம் போட்டுப் பெருக்குனேன். இன்னைக்குக் குப்பமே அதத்தான் திங்குது. இதக் கொளுத்திப்புட்டா எங்க புள்ளைங்க மண்ணத்தான் திங்கணும்."

"பிறவியில் வருகிற மாறுதல் எல்லாம் கேடுதான்" என்று குறுக்கே விழுந்தார் பண்டிதர். "மாறியதால் நன்மை அடைந்த உயிர் ஒன்று, ஒரே ஒன்று, இந்த உலகத்தில் உண்டா? யாராவது காட்டட்டும்."

மன்னரின் பார்வை கூத்தர் மேல் விழுந்தது. "கேட்டீரா கூத்தரே? உச்சி வேளைக்குள் காட்டும். காட்டினால் நெல் பிழைக்கும். இல்லையென்றால் இந்தக் கட்டுகளோடு வயலும் எரியும்."

சபையில் வாயடிப்பது வேறு, ஒரு குப்பத்தின் சோறு தன் நாக்கு நுனியில் தொங்குவது வேறு. கூத்தர் நீலாயியின் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கால்போன போக்கில் நடந்தார். பிறகு திடீரென்று திரும்பி, நேரே அரண்மனைக் களஞ்சியத்துக்குள் நுழைந்தார்.

திரும்பி வரும்போது கையில் ஒரு கூண்டு. உள்ளே பூனைக்குட்டி அளவுக்குக் கொழுத்த எலி. இன்னொரு கையில் சில கருப்பு உருண்டைகள்.

"பண்டிதரே, இவை என்ன என்று தெரிகிறதா?"

"தெரியாமல் என்ன? களஞ்சியத்துக்கு நான் செய்து தரும் எட்டி விஷ உருண்டை. இதற்காகத்தான் என் தந்தைக்குப் பல்லக்கு கொடுத்தார்கள்."

கூத்தர் ஓர் உருண்டையைக் கூண்டுக்குள் போட்டார். எலி முகர்ந்து பார்த்தது. தின்றது. முன்காலால் மீசையைத் துடைத்துக்கொண்டது. பிறகு சபையைச் சுற்றிப் பார்த்தது, அடுத்த உருண்டை எங்கே என்கிற மாதிரி. கூத்தர் போட்டார். அதுவும் உள்ளே போயிற்று.

மன்னரின் முகம் சிவந்தது. "பண்டிதரே, எட்டி என்று சொல்லிவிட்டு எள்ளுருண்டையா கொடுக்கிறீர்?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீர்கள் அரசே" என்று பண்டிதருக்காகப் பரிந்து வந்தார் கூத்தர். "பண்டிதர் விஷத்தில் கலப்படம் செய்பவரா? அப்படிச் செய்திருந்தால் சட்டப்படி கழு அல்லவா?"

கழு என்ற சொல் காதில் விழுந்ததும் பண்டிதருக்கு எங்கிருந்துதான் அந்த வாக்கு வந்ததோ! "விஷம் அதே விஷம்தான் அரசே. எலிகள்தான் மாறிவிட்டன. என் தந்தை காலத்தில் கொத்துக் கொத்தாகச் செத்தன. ஆனால் ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்குமா? எங்கோ ஒன்று விஷம் தாங்கும் உடம்போடு பிறந்திருக்கிறது. மற்றவை செத்தன, அது பிழைத்தது. அதன் குட்டிகளுக்கும் அதே உடம்பு. அவை பெருகிப் பெருகி இப்போது களஞ்சியம் முழுக்க அந்த வம்சம்தான்."

சபை வாயைப் பிளந்தது. கூத்தர் கைகூப்பினார். "நான் ஒரு நாள் முழுக்கப் பேசினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்."

அப்போதுதான் பண்டிதருக்கு உறைத்தது. "இருந்தாலும்" என்று இழுத்தார், "எலி எலிதானே? வேறு இனம் ஆகிவிட்டதா? படைப்புக்குப் பிறகு உலகத்தில் புது இனம் பிறந்ததே இல்லை."

"அப்படியானால் இந்தப் பதர்?" என்று குனிந்து ஒரு கை அள்ளினார் கூத்தர். "நம் நெல்லின் வயிற்றில் பிறந்தது என்றாள் நீலாயி. நம் நெல்லோடு சேராது, நம் நெல் இனமே இல்லை என்று காலையில் சொன்னது நீர்தானே? அது புது இனம் என்றால் உமது கொள்கை போயிற்று. பழைய நெல்தான் என்றால் அது இனம் பிறழவில்லை, சட்டம் அதைத் தொடாது. எது வேண்டும், எடுத்துக்கொள்ளும்."

பண்டிதர் பதரைப் பார்த்தார். எலியைப் பார்த்தார். கொள்கையை விட மனம் வரவில்லை.

"நெல்தான்" என்று முனகினார்.

"அவள் கைக்கட்டை அவிழுங்கள்" என்றார் மன்னர். தீவட்டி அணைந்தது. நீலாயி நெற்கட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூத்தருக்கும் கண் கலங்கிவிட்டது. மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார்.

பண்டிதருக்கு மட்டும் ஆறவில்லை. "எலி மாறட்டும், நெல் மாறட்டும், நாடே மாறட்டும். நானும் என் கொள்கையும் என் தந்தை வைத்துவிட்டுப் போன உருண்டையும் இம்மியும் மாற மாட்டோம்" என்றார்.

"தெரியும் பண்டிதரே" என்றார் கூத்தர். "எலிகள் உம்மை நம்பித்தானே குடும்பம் நடத்துகின்றன."

மன்னர் சிரித்த சிரிப்பில், கூண்டுக்குள் மூன்றாவது உருண்டையைக் கொறித்துக்கொண்டிருந்த எலி தின்பதையே ஒரு கணம் நிறுத்திவிட்டது.