பலகையில் ஒரு தாழ்ப்பாள்

சர்ர்ர்... டக். கொஞ்சம் விட்டு, மறுபடியும் சர்ர்ர்... டக்.

சுபாஷினி சப்பாத்திக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள். இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கணவன் குவைத்தில். வீட்டில் அவளும் மகள் தாரகையும் மட்டும். வாசல் கிரில்லில் பூட்டு அப்படியே தொங்கியது. பின்கதவிலும் பூட்டு. சத்தம் மட்டும் தாழ்ப்பாள் சத்தம்.

அந்த வீட்டில் தாழ்ப்பாளே கிடையாது.

மூன்று வயதில் தாரகை குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளை இழுத்துவிட்டாள். திறக்கத் தெரியவில்லை. அடுத்த வீட்டு முருகையா கடப்பாரையோடு வந்து நெம்பும்வரை உள்ளே குழந்தை கத்தியது, வெளியே இவள் கத்தினாள். மறுநாளே எல்லாக் கதவிலும் உள்தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டுவிட்டாள். பள்ளிக்கும் அனுப்பவில்லை. எல்.கே.ஜி., யு.கே.ஜி. எல்லாம் வீட்டிலேயே, அவளே மிஸ். இப்போது ஒன்றாம் வகுப்பு. இனிமேல் அனுப்பாமல் முடியாது.

சத்தம் படுக்கையறையிலிருந்துதான் வந்தது. கட்டிலில் போர்வை கூடாரம் மாதிரி நின்றது. சுபாஷினி போர்வையை இழுத்தாள்.

உள்ளே தாரகை. மடியில் ஒரு பலகை. பலகையில் ஒரு தாழ்ப்பாள்.

பீரோவுக்குப் பின்னால் சுபாஷினி ஒளித்து வைத்திருந்தது.

*

அதைக் கொடுத்தது கோமதியக்கா.

ஊருக்கு வெளியே தோட்ட வீட்டில் தனியாக இருப்பவர். சனிக்கிழமை நாலைந்து பேர் வந்து அவரோடு சும்மா கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். சுபாஷினி படித்த கான்வென்டில் அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். யாராவது குரு என்று சொல்லிவிட்டால், "பிரேயரில் தூங்கி முட்டி போட்டவளுக்கு இந்தப் பேர் வேறயா?" என்று சிரிப்பார். சுபாஷினிக்கு அவர் குருதான்.

போன சனிக்கிழமை இவள் கேட்டாள். "அக்கா, பாப்பா ஒண்ணாங்கிளாஸ் போகப் போறா. இன்னும் என்ன சொல்லிக்குடுக்கட்டும்?"

"இதுவரைக்கும் என்ன சொல்லிக்குடுத்தே?"

"நூறு வரைக்கும் எண்ணுவா. பேர், அட்ரஸ், அப்பா நம்பர் எல்லாம் சொல்லுவா. தாரா, அக்காகிட்ட சொல்லும்மா, கிளாஸ்ல பாத்ரூம் வந்தா எப்படிக் கேக்கணும்?"

தாரகை எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். "மே ஐ கோ டு த டாய்லெட், மிஸ்?"

"பிரமாதம்" என்றார் அக்கா. "மிஸ் சரின்னு சொல்லிட்டாங்க. அப்புறம்?"

"அப்புறம் நான்..." என்று தொடங்கிய சுபாஷினி நிறுத்திக்கொண்டாள்.

அக்கா எழுந்து உள்ளே போனார். திருப்புளியோடு வந்து, தான் தியானம் செய்யும் அறைக்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினார். ஒரு பலகையில் வைத்து முடுக்கி, சுபாஷினியின் கையில் கொடுத்தார்.

"அப்போ உங்க கதவுக்கு?"

"எனக்கு அவசரமில்லை."

*

"பீரோ பின்னாடி இருந்ததை யாரு எடுக்கச் சொன்னா?"

"நீ ஒளிச்சு வச்சதைப் பாத்துட்டேன்" என்றாள் தாரகை. "அம்மா, ஸ்கூல்ல பாத்ரூம்ல தாழ்ப்பாள் இருக்குமாம். பக்கத்து வீட்டு வர்ஷா சொன்னா. போடலைன்னா பசங்க தள்ளிட்டு வந்துடுவாங்களாம்."

"போட்டுட்டுத் திறக்க வரலைன்னா?"

"இங்க பாரேன்." சர்ர்ர்... டக். சர்ர்ர்... டக். "இப்போ வருதே."

சுபாஷினி கட்டிலில் உட்கார்ந்தாள். சப்பாத்திக் கட்டை இன்னும் கையிலேயே இருந்தது.

"அதால என்னை அடிக்கப் போறியா?"

"திருடனை."

"திருடன் தாழ்ப்பாள் போடுவானா? மக்கு அம்மா." தாரகை பலகையைத் தள்ளிவிட்டு அவள் மடியில் படுத்துக்கொண்டாள். தலையில் தேங்காயெண்ணெய் வாசனை. இவள் இந்த மடியைத் தாண்டி வளராமல் இப்படியே இருந்துவிடக் கூடாதா என்று சுபாஷினி ஏங்கினாள்.

"அம்மா, ஸ்கூல் பாத்ரூம்ல உன் கால் தெரியுமா?"

"என் காலா?"

"இங்க கதவுக்குக் கீழே தெரியுமே. நீ கதை சொல்லுவே, நான் உன் காலைப் பாத்துட்டே இருப்பேன்."



*

அடுத்த சனிக்கிழமை தாரகையே பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம்.

"அக்கா, எனக்கு வந்துடுச்சு. உங்க கதவுக்கு வச்சுக்கோங்க."

"வந்துடுச்சா? சரி" என்று வாங்கி வைத்தார் அக்கா. சோதித்துப் பார்க்கவில்லை.

மோர் குடித்த கொஞ்ச நேரத்தில் தாரகை எழுந்து கையைக் கட்டினாள். "மே ஐ கோ டு த டாய்லெட், மிஸ்?"

"போயிட்டு வா" என்றார் அக்கா.

தோட்டத்துக் கடைசியில், வாழை மரங்களுக்கு அந்தப் பக்கம் கழிவறை. தகரக் கதவு, கீழே ஒரு சாண் இடைவெளி. உள்ளே தாழ்ப்பாள். தாரகை ஓடினாள். சுபாஷினியும் பின்னாலேயே ஓடி, கதவையொட்டி நின்றாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை.

"தாரா, போடலையா?"

சுபாஷினி கதவில் காதை வைத்தாள்.

"கதை சொல்லட்டுமா? ஒரு ஊர்ல ஒரு யானைக்குட்டி..."

"வேணாம்மா."

சுபாஷினி கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அக்கா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"போட மாட்டேங்கிறா, அக்கா."

"நீ அங்கே நிக்கிறியே."

"கொஞ்சம் தள்ளி நிக்கட்டுமா?"

"நில்லு."

சுபாஷினி இரண்டடி பின்னால் வந்தாள். கதவுக்குக் கீழே சின்னச் செருப்புகள் அசையாமல் இருந்தன. இன்னும் கொஞ்சம் வந்தாள்.

"எவ்வளவு தூரம்க்கா?"

அக்கா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"உன் கால் அவளுக்குத் தெரியாத தூரம்."

சுபாஷினி வாழை மரங்களைத் தாண்டி வந்து நின்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு, சர்ர்ர்... டக்.