நல்லா இருக்கிற கதவு

"கலரு ஒட்டவே மாட்டேங்குது, மேஸ்திரி," என்றான் சவரிமுத்து.

குருவம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"எது எதோட?"

"புதுக் கதவு பழைய கதவோட."

"மறுபடி கலக்குங்கண்ணே."

"ஏழு தடவ கலக்கியாச்சு."

"அப்ப இது எட்டு."

இதற்கு மேல் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சவரிமுத்துவுக்கு வயது ஐம்பத்தொன்று. குருவம்மாவுக்கு முப்பத்து மூன்று. ஆனாலும் சீடன் சீடன்தான், குரு குருதான். ஆகவே இந்தக் கதையில் அவன் 'அவன்', அவர் 'அவர்'. வருத்தப்படுகிறவர்கள் வருத்தப்பட்டுக்கொள்ளலாம்.

குருவம்மாவின் பட்டறை திண்டுக்கல் பைபாஸ் ஓரத்தில் இருந்தது. தகரக் கூரை, ஒரு கம்ப்ரஷர், ஒரு வேப்பமரம். அடிபட்ட கார்கள் வரும். அடிபட்டது தெரியாமல் திரும்பிப் போகும்.

சவரிமுத்து முப்பது வருஷம் டிங்கர் வேலை பார்த்தவன். நசுங்கிய தகரத்தைத் தட்டித் தட்டி நிமிர்த்துகிற வேலை. போன வருஷம் அவனுடைய வலது தோள், இனி என்னால் முடியாது என்று சொல்லிவிட்டது. பெயின்ட் அடிக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று குருவம்மாவிடம் வந்து நின்றான்.

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டார்கள். குருவம்மா சிரிக்கவில்லை.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துருங்கண்ணே," என்றார். அவ்வளவுதான் அவருடைய உபதேசம்.

இப்போது அவன் முன்னால் நின்றது வெள்ளி நிறக் கார். பதினோரு வயதுக் கார். பல் டாக்டர் சுகந்தியம்மாவுடையது. ஒரு டிராக்டர் உரசியதில் இடது பக்கத்து முன்கதவு மடங்கிப் போயிருந்தது. புதுக் கதவை மாட்டியது சவரிமுத்துதான். பொருத்தத்தில் நூலளவு பிசகில்லை. பிசகெல்லாம் கலரில்தான்.

காரில் எழுதியிருந்த கலர் நம்பர்படிதான் முதலில் கலந்தான். புதுக் கதவு பளீரென்று இருந்தது. கறுப்பு இரண்டு சொட்டு விட்டான். அழுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் ஒரு சொட்டு விட்டான். நேரே நின்று பார்த்தால் சரியாக இருந்தது. கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் இரண்டு கதவும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

எட்டாவது தடவையும் கலந்தான். ஒரு தகரத் துண்டில் அடித்துக் காயவைத்து, பழைய பின்கதவின் மேல் வைத்துப் பார்த்தான்.

"கிட்டத்துல வந்துருச்சு," என்றார் குருவம்மா.

"அதே கலரு வரலயே."

"வராதுண்ணே. பதினோரு வருச வெயில எந்த டப்பாவுல அடைச்சு விக்கிறாங்க?"

சவரிமுத்து தகரத் துண்டைத் தூக்கிப் போட்டான். வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"வீட்லயும் இதே கததான் மேஸ்திரி."

குருவம்மா நிமிர்ந்து பார்த்தார்.

கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவன் சவரிமுத்து. சொந்தமாக வீடு கட்டி, தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தலை நரைத்த பிறகு அமலியைப் பார்த்தான். புருஷனை இழந்தவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். இருவரும் பங்குச் சாமியார் முன்னால் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். அமலியின் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய பன்னிரண்டு வயது மகளும் அந்த வீட்டுக்குள் வந்தாள்.

"எல்லாம் புதுசா வாங்கிக் குடுத்தேன் மேஸ்திரி. கட்டிலு, மேசை, சைக்கிளு. ஒன்றரை வருசமாச்சு. ஒரு வார்த்த அப்பான்னு கூப்புட்டதில்ல. நான் உள்ள வந்தா எந்திரிச்சு வெளிய போயிருது."

"ம்."

"திங்கக்கெழம ஆஸ்டல்ல கொண்டுபோயி விடப்போறோம். அமலிதான் சொன்னா. ஒட்டாத புள்ள அங்கயாவது நல்லாப் படிக்கட்டும்னு. சொல்லிட்டு அவளே அழுகுறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

சரி என்று சொன்ன நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதை அவன் குருவம்மாவிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் போய்விட்டால் அமலி வீட்டில் இருப்பாள், அவள் சிரிப்பு இருக்காது. அதுகூடப் பரவாயில்லை. வாசலில் அந்தச் சைக்கிள் சும்மா நிற்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தன்னோடு பேசாத ஒரு பிள்ளைமேல் இவ்வளவு ஆசை எப்போது வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எம்மேல என்ன கொறை, நீங்களே சொல்லுங்க. குடி இல்ல. பீடி இல்ல. ஒரு நாளு கைய நீட்டுனதில்ல."

குருவம்மா எழுந்து காரின் பக்கம் போனார். பழைய பின்கதவைத் தொட்டுக் காட்டினார்.

"இதுல என்ன கொறை?"

"அதுலயா? ஒரு கொறையும் இல்ல. நசுங்கல் இல்ல, கீறல் இல்ல. நல்லா இருக்கிற கதவு."

குருவம்மா உள்ளே போனார். ஒரு வாளித் தண்ணீரும் நாலு உப்புத்தாளும் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தார்.

"தேய்ங்க."

"எத?"

"நல்லா இருக்கிற கதவ."

சவரிமுத்து அவர் முகத்தைப் பார்த்தான். விளையாட்டாகச் சொல்கிற முகமாக இல்லை.

"அடிபட்டது முன்கதவு மேஸ்திரி."

"ஆமா."

"மாத்துனது முன்கதவு."

"ஆமாண்ணே."

"இது என்ன பாவம் பண்ணுச்சு?"

குருவம்மா மீதி டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தான். முன்கதவை ஒட்டிய ஓரத்தில், நாலு விரல் அகலத்துக்கு மட்டும், வலிக்காமல் தேய்த்தான். பதினோரு வருஷமாகப் பளபளத்துக்கொண்டிருந்த கதவு அந்த இடத்தில் மங்கிச் சாம்பல் பூத்துப்போனது. உடையாத ஒன்றை உடைத்துவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

"போதுமா மேஸ்திரி?"

"முழுசா."

"ஓரம் பத்தாதா?"

"ஓரத்துல நிறுத்துனா ஓரத்துல கோடு தெரியும். பாதியில நிறுத்துனா பாதியில தெரியும்."

"டாக்டரம்மா பாத்தா கொன்னுபோட்ருவாங்க."

"எங்கிட்ட அனுப்புங்க. நான் சாகுறேன்."

மறுநாளும் தேய்த்தான். முதலில் கோபமாகத் தேய்த்தான். பிறகு கோபம் போய் வேலை மட்டும் மிஞ்சியது. முன்பக்கத்து மட்கார்டையும் அதே மாதிரி தேய்க்கச் சொன்னார் குருவம்மா. அதற்கு அவன் வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் அவர் வந்து, கட்டை விரலால் பின்கதவு முழுக்கத் தடவிப் பார்த்தார். கைப்பிடிக்குக் கீழே ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இங்க இன்னும் மினுங்குது."

"அந்த எடத்த விட்ரலாம்னு பாத்தேன். அங்கதான் ரொம்ப நல்லா இருந்துச்சு."

"மினுமினுப்பு மேல எதுவும் ஒட்டாதுண்ணே."

சவரிமுத்து அந்த இடத்தையும் தேய்த்தான்.

பிறகு பெயின்ட் பீய்ச்சுகிற ஸ்ப்ரே கன்னை அவன் கையில் கொடுத்தார். எட்டாவது தடவை கலந்த அதே பெயின்ட்தான். ஒரு சொட்டுக்கூட மாற்றவில்லை.

"புதுக் கதவுல முழுசா அடிங்க. அங்கருந்து பழைய கதவுக்கு வாங்க. வர வரக் கைய லேசாக்குங்க. எங்க முடிஞ்சதுன்னு ஒங்களுக்கே தெரியக் கூடாது."

குருவம்மா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை அடித்துக் காட்டினார். இரண்டாவது தடவை பிடியை விட்டார். மட்கார்டுப் பக்கமும் அப்படியே செய்தான். அதெல்லாம் காய்ந்ததும் மூன்றுக்கும் சேர்த்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, கண்ணாடி மாதிரி ஒரே பூச்சு.

சனிக்கிழமை காலையில் சுகந்தியம்மா வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். பல் டாக்டர் இல்லையா, சொத்தை இருந்தால் கண்டுபிடிக்காமல் விட மாட்டார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா ஒண்ணு சொல்லணும்ல? என்ன இருந்தாலும் புதுசு புதுசுதான். பாருங்க, எடுப்பாத் தெரியுது."

சொல்லிவிட்டுத் தட்டிக் காட்டினார். அவர் தட்டியது பின்கதவை.

சவரிமுத்து வாயைத் திறந்தான். குருவம்மா அவன் காலை மிதித்தார்.

"பழகப் பழகச் சரியாயிரும் டாக்டரம்மா," என்றார்.

கார் பைபாஸில் ஏறி மறையும்வரை சவரிமுத்து நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"மேஸ்திரி, அவுங்க தட்டுனது பழைய கதவு."

"ஆமாண்ணே."

"பதினோரு வருசமா அவுங்க கூடவே இருக்கிற கதவு."

"ஆமா."

அவன் வாளித் தண்ணீரில் கையைக் கழுவினான். நகக்கண்ணில் வெள்ளி போகவில்லை. அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டான்.

"வீடு வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன்."

"ரெண்டு வண்டி நிக்குதே?"

"நிக்கட்டும்."

சீடன் குருவிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. குருவம்மா அடுத்த வண்டியின் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

வீட்டில் அமலி அடுப்படியில் இருந்தாள். மகள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து வெளியே போகப் பார்த்தாள்.

"இரு," என்றான்.

அவள் நின்றாள். அவன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

"இந்த வீட்ல ஒனக்கு எது புடிக்கல?"

அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அங்கே கரண்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"நெசமாத்தான் கேக்குறீங்களா?"

"நெசமாத்தான்."

"வைய மாட்டீங்களே?"

"மாட்டேன்."

அவளும் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பெட்டியின் பூட்டைத் திறந்து திறந்து மூடினாள்.

"நீங்க வந்ததும் டிவிய அமத்திருவீங்க. பாதிப் படத்துல."

"சரி."

"மீன் கொழம்புல புளி கம்மியா ஊத்தச் சொல்றீங்க. எங்கம்மா கொழம்பு அப்படி இருக்காது."

இத்தனை வருஷமும் அவன் நாக்குக்கு அவன் வைத்த குழம்பு அது. என் வீடு, என் நாக்கு என்று வாய்வரை வந்தது. முழுங்கினான்.

"சரி. அப்புறம்?"

அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"சொல்லு புள்ள."

"எங்கப்பா படம்," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "வந்த அன்னைக்கே மாட்டணும்னு அம்மா கேட்டாங்க. சுவரு நல்லா இருக்கு, ஆணி அடிச்சா பேந்துரும்னு சொன்னீங்க."

சொன்னான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் அடித்த சுவர். அதை நினைத்துச் சொன்னான். சொன்ன நிமிஷமே அவன் மறந்துபோன வார்த்தை. ஒன்றரை வருஷமாக அந்தப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறது, தூங்கியிருக்கிறது, எழுந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறது.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தெரியவில்லை.

"படம் எங்க?"

"பெட்டியில. அடியில."

"எடு."

அடியில் இருந்த படத்தை எடுக்க வேண்டுமென்றால், மேலே மடித்து வைத்த துணியெல்லாம் வெளியே வந்தாக வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அமலி அடுப்படியிலிருந்து வந்து, அந்தத் துணிகளை அள்ளிக்கொண்டு உள் அறைக்குப் போனாள்.

சவரிமுத்து சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு வந்து சுவருக்கு முன்னால் நின்றான். கறையில்லாத, கீறலில்லாத வெள்ளைச் சுவர்.

"எந்த எடத்துல?"

"சுவரு பேந்துரும்," என்றாள் அவள்.

"பேந்தா பட்டி வச்சுக்கலாம். நீ எடத்தக் காட்டு."

அவள் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி வந்து, சுவரின் நட்டநடுவில் விரலை வைத்தாள்.